நிறைந்த ட்ரம்

குளித்துவிட்டு வந்த குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து ஆழ உறிஞ்சினான் மூக்கன். ஒன்றும் வரவில்லை.

சோப்பு வாசனை இல்லை. ஈரமுடி வாசனை இல்லை. பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் அவள் தலையை விட்டுப் போகாமலிருந்த அந்தப் பால்சூட்டு மணமும் இல்லை. துடைத்த துண்டை எடுத்து முகர்ந்தான். துண்டில் வெயில் இருந்தது, பெட்டியின் மரவாடை இருந்தது. பிள்ளையில்தான் எதுவுமில்லை.

"என்ன சோப்பு போட்ட?"

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு அள்ளிட்டு வந்தீங்களே, அதுதான்," என்றாள் மனைவி. "இலவசத்துல வாசனை சேராது போல."

அவன் சிரித்துவைத்தான். ஆனால் மூக்கு அவனுக்குச் சோறு போடும் உறுப்பு. கடைத்தெருவில் வளர்ந்தவன் அவன்; எண்ணெய் டின்னைத் திறக்காமலே கலப்படத்தைச் சொல்லி, விலையைப் பாதியாகக் குறைக்கவைத்த மூக்கு அது. பேர் மறந்து மூக்கன் என்றே ஆகிவிட்டான். இந்த வேலையும் அதனால்தான் கிடைத்தது.

வேலை இதுதான். மூடிப்போன பெயிண்ட் தின்னர் தொழிற்சாலையின் மண், பல காலம் சிந்தியதையெல்லாம் குடித்துவிட்டு, இப்போது கொஞ்சங்கொஞ்சமாக விஷ ஆவியாகக் கக்கிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் குழாய்களை இறக்கி, ஒரு புளோயர் அந்த ஆவியை இழுக்கும். இழுத்ததை, பொடிக்கரி நிரப்பிய இரண்டு இரும்பு ட்ரம்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். கரி விஷத்தைப் பிடித்துக்கொள்ள, சுத்தமான காற்று புகைபோக்கி வழியே போகும். இரண்டு ட்ரம்முக்கும் நடுவே ஒரு சின்னக் குழாய்முனை. அதைத் திறந்து பார்த்தால் வாடை வரக்கூடாது. வந்தால் முதல் ட்ரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். கழற்றி லாரியில் ஏற்ற வேண்டும். தூரத்து உலையில் கொட்டி, சிவக்கச் சிவக்க வறுத்து, கரி பிடித்துவைத்த அத்தனையையும் எரித்துவிடுவார்கள். கரி ஒரு விசித்திரமான வியாபாரி: கொள்முதல் மட்டும்தான், விற்பனையே கிடையாது. நெருப்பு வந்து கேட்டால்தான் கையை விரிக்கும்.

கம்பெனி கொடுத்த வீடு வளாகத்துச் சுவரை ஒட்டியே இருந்தது. வீட்டுத் தரைக்கு அடியிலும் ஒரு குழாய் ஓடியது. ஒவ்வொரு குழாயின் வால்வையும் எதுவரை திறக்கலாம் என்று சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டிருந்தார்கள். போன மாதம் பாப்பா இருமியபோது, மூக்கன் தன் வீட்டு வால்வைக் கோட்டைத் தாண்டி முழுசாகத் திறந்துவிட்டான். ஊருக்கு இழுப்பது ஊர் அளவு. நம் வீட்டுக்கு ஒரு பிடி கொசுறு இழுக்கட்டுமே.

அன்று மாலை விளக்கேற்றும் நேரத்தில், தரைக்கு அடியிலிருந்து புளோயரின் முனகல் ஏறி வந்து, காலி டம்ளரின் அடியில் மிச்சத்தை யாரோ உறிஞ்சுவதுபோல் நிற்காமல், அவசரப்படாமல், சுவரிலும் கட்டில்காலிலும் தண்ணீர்க் குடத்தின் மேல்பரப்பிலும் நடுங்கிக்கொண்டிருக்க, பாப்பா தரையில் கவிழ்ந்து படுத்திருந்தாள். காது தரைவிரிசலின் மேல் இருந்தது. அவிழ்ந்த முடி விசிறிபோல் பரவி, நுனிகள் மட்டும் விரிசலுக்குள் இறங்கியிருந்தன.

"என்ன பண்ற பாப்பா?"

"உறிஞ்சுதுப்பா. கூசுது."

மடியில்தான் தூக்கி வைத்தான். ஆனால் அவள் மறுபடி "கூசுதுப்பா" என்றபோது குரல் அடுத்த அறையிலிருந்து வந்தது.

காலையில் சூப்பர்வைசர் ஆவி அளக்கும் மீட்டரோடு வந்தார். லாரி ஏற்கனவே வாசலில் நின்றது. நடுக்குழாய்முனையைத் திறந்ததும் மீட்டரின் முள் எகிறியது.

"நிறைஞ்சிடுச்சு. கழட்டு."

மூக்கன் குனிந்தான். தின்னர் வாடை வரவேயில்லை. ஈரமுடி. பென்சில் சீவல். தூங்கி எழுந்த பிள்ளையின் கழுத்து வியர்வை. பால்சூடு. எல்லாம் சூடாக, அடர்த்தியாக, அவன் முகத்தில் வந்து மோதியது. கையை ட்ரம்மின் மேல் வைத்தான். இரும்பு, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோல் இருந்தது.

"சார், இது கெமிக்கல் இல்ல. இது எம் புள்ள வாசனை."

சூப்பர்வைசர் லாரி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"மீட்டர் பிடிக்காம தினமும் மோந்து மோந்தே பாத்தா மூளை கலங்காம என்ன பண்ணும்? முகமூடியப் போட்டுட்டு வீட்டுக்குப் போ மூக்கா. ரெண்டு நாள் லீவு."

"ட்ரம் மட்டும் இங்கயே இருக்கட்டும் சார். ஒரு ஓரமா. கால்ல விழறேன்."

"விஷம் நிறைஞ்ச ட்ரம்ம வளாகத்துல வச்சா என் தலை போயிடும். அப்புறம் நீ எனக்கு லீவு குடுப்பியா?"

டிரைவரே ட்ரம்மைக் கழற்றி லாரியில் ஏற்றினான். மூக்கன் வீட்டுக் குழாயிடம் ஓடினான். வால்வை மூடினான். முழுசாக. முனகல் நின்றது. திரும்பி ஓடிவந்தபோது வாசலில் டயர் தடம் மட்டுமே இருந்தது.

வீட்டில் பாப்பா போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். நேற்றைக்கு மாந்தளிராக இருந்த தோல் பழைய காகிதமாக வெளுத்திருந்தது. "எவ்வளவு போர்த்தினாலும் சில்லுன்னே இருக்குங்க," என்று மனைவி அழுதாள். டாக்டர் வந்தார், பார்த்தார், தெர்மாமீட்டரை உதறி உதறி வைத்தார், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது மட்டும், ஏனோ, குழந்தையைத் தொட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே போனார்.

மூக்கன் பகல் முழுக்க டிரைவருக்கு போன் போட்டான். மணி அடித்தது. எடுக்கவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டான்.

"புள்ள வாசனைன்னு சொல்லி லாரியத் திருப்பச் சொல்லவா? என்னையும் சேர்த்துப் பைத்தியக்கார லிஸ்ட்டுல போடுவாங்கப்பா." வைத்துவிட்டார்.

மனைவியிடம் சொன்னான். அவள் நம்பவில்லை. பிறகு பிள்ளையின் தலையை முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் முகர்ந்தாள். அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை; "வண்டிய நிறுத்தச் சொல்லுங்க" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வெயில் சாயும் நேரத்தில் டிரைவரே கூப்பிட்டான். பின்னால் ஏதோ பெரிதாக உறுமிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, இத்தனை தடவை கூப்ட்ருக்கீங்க? வண்டி ஓட்டிட்டு இருந்தேன்."

"தம்பி, ட்ரம்ம இறக்காத. நான் வர்றேன். என்ன கேட்டாலும் தர்றேன். இறக்காத."

"இறக்கியாச்சேண்ணே. மூடியத் திறந்துட்டாங்க. இந்தா, கொட்டறாங்க."

உறுமல் ஏறியது. போனிலிருந்து கரி சரியும் சத்தம். சரசரவென்று. நீளமாக.

"அப்பா."

குரல் இப்போது பக்கத்திலிருந்தே வந்தது. தெளிவாக.

"அப்பா, சுடுது."

போர்வையை இழுத்தான். கை பொசுங்கியது. மனைவி குடத்தைத் தூக்கிப் பிள்ளையின் தலையில் கவிழ்த்தாள். சொர்ரென்றது. ஆவி. இன்னொரு குடம். ஆவி. முடி நனையவேயில்லை.

"சுடுதுப்பா."

அவளைத் தூக்கப் போனான். தூக்க முடியவில்லை. தொடவே முடியவில்லை. அருகில் நிற்கக்கூட.

மனைவி வெறுங்குடத்தோடு குழாயடிக்கும் அறைக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். பாப்பா அழவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை சொல்ல வாயைத் திறந்தாள். இருட்டத் தொடங்கியிருந்த அறையில் அந்தச் சின்ன வாய்க்குள்ளே, நாக்குக்குப் பின்னால், கரி மெல்ல மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.