கம்பத்துப் பருந்து

1996 நவம்பர், காலை எட்டு மணி. கனடாவில் விட்பி நகருக்கு வடக்கே, வேட்டைக்காரர் காசு கொடுத்துச் சுடுவதற்காகப் பெசன்ற் பறவைகளை வளர்க்கும் பண்ணை. வேலியோரக் கம்பத்தின் உச்சியில் ஒரு இரும்புப் பொறி. அதில் கால் மாட்டுப்பட்டுத் தலைகீழாகத் தொங்கியது பருந்து.

குஞ்சுகளைப் பருந்து தூக்காமலிருக்க இப்படிப் பொறி வைப்பது குற்றம். யாரோ போன் பண்ண, வனவிலங்கு அதிகாரி வந்துவிட்டார். பண்ணையில் வேலை செய்பவர்கள் தமிழர் என்பதால் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து மொழிபெயர்ப்பாளர் யூஜினியையும் கூட்டி வந்திருந்தார்.

பண்ணை மனேஜர் அருள்நாயகம் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார். பொறி ஸ்ரீதரனின் வேலையாம். நேற்றுப் பின்னேரம் அவன் ஏணியோடு நின்றதைக் கண்ணால் கண்டாராம்!

ஸ்ரீதரன் இந்த வசந்தத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தவன். அடுத்த மாதம் அவனுடைய அகதி வழக்கு. குற்றம் பதிவானால் வழக்கு கந்தல்தான். சமையலறை வாசலில் நின்ற அவன் மனைவி யோகமலரின் முகம் வெளிறியது.

யூஜினியின் வாய் மொழிபெயர்த்தது, கண் கம்பத்தில் நின்றது. பொறிக்குக் கீழே மரத்தில் துருக்கறை முழ நீளத்துக்கு இறங்கியிருந்தது. புல்லில் ஒரு இறகுகூட இல்லை. இரவு உறைபனியும் இல்லை. ஆனால் இறக்கிய பருந்தின் வயிறு கல்லாக உறைந்திருந்தது. செட்டைக்குள் ஒட்டியிருந்தது ஒரு கறிவேப்பிலை.

"அக்கா, பிறீசரிலை கறிவேப்பிலை வைக்கிறனீங்களோ?"

"ஓம்," என்றாள் யோகமலர்.

"பருந்தும் அதுக்கைதானே கிடந்தது? உயிரோடை மாட்டியிருந்தா செட்டை அடிச்ச அடியிலை புல்லெல்லாம் இறகாக் கிடக்கும்."

யோகமலர் மறைக்கவில்லை. "ஓம், நான்தான். 401 றோட்டுக்கரையிலை கார் அடிச்சுக் கிடந்தது. போன வருசம் உந்தப் பொறியிலை பருந்தைக் கழட்டப்போய் இஞ்சை வேலை செய்த என்ரை தம்பி ராகுலனுக்கு ரெண்டு விரல் போச்சு. கதவு நெரிச்சதெண்டு சொல்லி இந்த மனேஜர் அவனைக் கலைச்சுவிட்டார். பொறி நிக்குதெண்டு முதலும் போன் பண்ணினனான், ஒருத்தரும் வரேல்லை. பருந்து செத்திட்டுதெண்டன், விடியவே வந்திட்டினம். இவரைப் பழிவாங்க வெளிக்கிட்டு, இப்ப என்ரை மனுசன்ரை தலையிலை விழுந்திட்டுது."

"பாத்தியளே!" அருள்நாயகம் சிரித்தார். "புருசனும் பெண்சாதியும் சேர்ந்து செய்த அலுவல். பொறியும் இவையின்ரைதான்."

"கம்பத்தைப் பாருங்கோ அண்ணை," என்றாள் யூஜினி. "நேற்று வைச்ச பொறியிலையிருந்து ஒரு இரவிலை உவ்வளவு துரு வடியுமோ? உது வருசக்கணக்கா மழை கண்ட கறை. ஸ்ரீதரன் வரமுந்தியே பொறி உதிலைதான். பருந்தை மாட்டினது அக்கா. பொறி வைச்சது நீங்கள்."

அவர் சிரிப்பு அப்படியே செத்தது. அதிகாரி பேனாவோடு காத்து நின்றார்.

"தங்கச்சி," அருள்நாயகத்தின் குரல் இறங்கியது. "நாங்கள் தமிழ் ஆக்கள். உதெல்லாம் அவருக்குச் சொல்லத் தேவையில்லை."

"எனக்குச் சம்பளமே சொல்லுறதுக்குத்தான், அண்ணை."

ஒன்றையும் விடாமல் சொன்னாள், பிறீசரையும் சேர்த்து. அதிகாரி துருக்கறையை விரலால் சுரண்டிப் பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கினார்.

யோகமலர் தலை குனியவில்லை. "என்ரை பேரையும் எழுதட்டும். உந்த மனேஜரின்ரை பேருக்குக் கீழை எழுதச் சொல்லுங்கோ."