எடையில்லாத தாங்குறை

காலைத் தாங்கும் உறையான தாங்குறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். காலில் இழுத்துவிட்டால் போதும், அதன் நூல்கள் எஃகுபோல் இறுகி, செயலிழந்த காலையும் நிமிர்த்திப் பிடிக்கும். நகரமெங்கும் நின்ற கோபுரங்கள் பரப்பிய, காந்தப்புலம் போன்ற இறுகுபுலம்தான் அந்த நூலுக்கு உறுதி தந்தது. உறைக்குள் மின்கலமும் இல்லை, கம்பியும் இல்லை. அதனால்தான் எடையும் இல்லை.

அந்த நூலைத் தேர்ந்தெடுத்தவள் பொறியாளர் பொற்கொடி. சிறு வயதில் நடந்த விபத்தில் அவளுடைய இடது கால் செயலிழந்தது. அலுமினியத் தாங்கியைச் சுமந்து சுமந்து இடுப்பு தேய்ந்தவள். சோதனை மேசையில் அலுமினியம், கரிம இழை, இறுகுநூல் மூன்றையும் வைத்தபோது, அவள் கை நூலைத்தான் எடுத்தது.

"புலம் நின்னுட்டா என்ன சார் ஆகும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு கோபுரம் போனா பக்கத்துக் கோபுரம் பாத்துக்கும்மா. அது எப்படி நிக்கும்?" என்றார் அவள் வேலை செய்த நிறுவனத்தின் தலைவர் அரங்கநாதன்.

தாங்குறை வந்த பிறகு நகர நிர்வாகம் சக்கர நாற்காலிக்கான சாய்தளங்களை இடிக்கத் தொடங்கியது. தாழ்தளப் பேருந்துகளை நிறுத்தியது. எல்லோரும்தான் நடக்கிறார்களே, இனி எதற்கு என்றது. தாங்குறையோடு நடந்தவர்களுக்கும் வலி இருந்தது. கை பிடிக்க ஒரு கம்பியாவது தேவைப்பட்டது. அதைக் கேட்கத்தான் அன்று நண்பகலில் நகர மன்றத்தின் முன் கூடினார்கள். பொற்கொடியும் அவளுடைய தோழி கதீஜாவும் முன்வரிசையில் நின்றார்கள்.

கலைந்து செல்லும்படி ஒலிபெருக்கி சொன்னது. யாரும் அசையவில்லை.

முழங்காலைச் சுற்றி ஏதோ நெகிழ்வது போலிருந்தது பொற்கொடிக்கு. குனிந்து பார்ப்பதற்குள் தரையில் கிடந்தாள். முன்னால் நின்றவர்கள், பின்னால் நின்றவர்கள், குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவர், எல்லோரும் ஒரே கணத்தில் சரிந்தார்கள். தார்ச்சாலை கொதித்தது. கதீஜாவின் மணிக்கட்டு முறிந்து கை வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஒரு காவலர்கூடத் தடியை ஓங்கவில்லை. கலைந்து செல்லச் சொன்னவர்கள், கலைந்து செல்லும் கால்களையே பறித்துக்கொண்டார்கள்.

கிடந்தபடியே அரங்கநாதனை அழைத்தாள்.

"நாங்க நிறுத்தலைம்மா. கோபுரத்துக்கு இடம் கொடுத்தது நிர்வாகம். எந்தப் பகுதியில வேணும்னாலும் புலத்தை அணைக்க அவங்களுக்கு உரிமை இருக்கு."

"அணைச்சது புலத்தை இல்ல சார், என் காலை! அதுக்கு யார் உரிமை கொடுத்தது?"

அவர் அழைப்பைத் துண்டித்தார். வெயில் சாயத் தொடங்கியபோதுதான் புலம் திரும்பியது. எழுந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் பொற்கொடி அவருடைய அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள். அவர் முகத்தில் சங்கடமே இல்லை.

"அடிபட்டதுல எனக்கும் வருத்தம்தான். அதான் புது உறை ஒண்ணு யோசிச்சிருக்கோம். புலம் நின்னாலும் நூல் மெல்ல மெல்லத்தான் தளரும். உக்கார நேரம் கிடைக்கும். அதுக்கான நூலை நீங்கதான் தேர்ந்தெடுக்கணும்."

"ஏன் விழ வைக்கிறீங்கன்னு கேட்டா, இனிமே மெதுவா விழ வைக்கிறேன்னு சொல்றீங்களா?"

தன் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வீசிவிட்டு வெளியே வந்தாள். அந்தக் கோபத்தோடுதான் வீட்டில் உட்கார்ந்து, கரிம இழையும் எஃகுக் கீலும் கொண்டு ஒரு தாங்கி செய்தாள். அது எந்தக் கோபுரத்தையும் நம்பியிருக்கவில்லை. யாராலும் அணைக்க முடியாது. காலில் பூட்டியதும் பழைய கனம் இடுப்பில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து பழகினாள்.

கதீஜாவுக்கும் அவள் அளவில் ஒன்று செய்து எடுத்துப்போனாள். கதீஜா மாவுக்கட்டுப் போட்ட கையை ஒதுக்கிவைத்து, மற்றக் கையால் தாங்கியைத் தூக்கிப் பார்த்தாள். பாதியிலேயே கட்டிலில் வைத்துவிட்டாள்.

"தப்பா நினைக்காதடி. இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படி வேலைக்குப் போறது? புலம் நின்னது அன்னைக்கு ஒரு நாள்தானே?"

"நாளைக்கும் நிறுத்துவாங்க, கதீஜா."

"நாம கூட்டத்துக்குப் போகலேன்னா எதுக்கு நிறுத்தப் போறாங்க?" என்றாள் கதீஜா. பிறகு ஆவலோடு கேட்டாள்: "மெதுவாத் தளர்ற புது உறை வருதாமே, எப்ப வரும்?"