வீரையா கொண்டுவந்த டிரைவ்

வயர் கழற்றி மேசையில் வைத்திருந்த சீடி டிரைவ், தானாகத் தட்டை வெளியே நீட்டியது.

கழற்றிய சாமான் ஆடுமா? நிவாரணப் பட்டியல் பதியும் தில்லைநாதன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். ஸ்கந்தபுரம் நிவாரணக் கந்தோரில் நடுப்பகல். வெளியே மண்ணெண்ணெய் ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது, கிடுகுக் கூரை ஓட்டைகளால் வெயில் புள்ளி புள்ளியாக விழுந்தது, புகை நாற்றத்துக்குள் எங்கிருந்தோ ஈரமண் வாடை வந்தது. மழை பெய்து மூன்று மாதம்.

ஆமி தடைசெய்த சாமானென்று அந்த டிரைவை உமி மூட்டைக்குள் ஒளித்து, வவுனியாவிலிருந்து சைக்கிளில் கொண்டுவந்தவன் வீரையா. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவன். டிரைவைக் கொடுத்த அன்றே கெஞ்சினான்.

"ஐயா, எம்புள்ள இலட்சுமிக்குக் காய்ச்சலுங்க. பட்டியல்ல பேர ஏத்துங்கய்யா. கார்டு இல்லாம மருந்து தரமாட்டேங்கிறாங்க."

"ஓம், ஓம். முதல் இது வேலை செய்யட்டும்."

செய்யவில்லை. கந்தோர் கம்ப்யூட்டர் கிழட்டுச் சாமான். தன் கம்பனி டிரைவைத் தவிர வேறொன்றையும் ஏற்காது. மூன்று நாள் டிரைவைப் பூட்டிக் கழற்றிக் களைத்த எரிச்சலை வீரையாவின் தலையில் கொட்டினார்.

"பிறத்திச் சாமான் இதில ஏறாது. பிறத்தி ஆக்களும் அப்பிடித்தான். போ, உன்ர தோட்டத்தில போய்ப் பதி."

மருந்தில்லாமல் ஐந்தாம் நாள் பிள்ளை செத்தது.

நேற்று வீரையா வந்தான். டிரைவின் சின்னத் துளைக்குள் கம்பியைக் குத்தித் தட்டை இழுத்தான். பிள்ளையைப் புதைத்த குழிமண் ஒரு பிடி. தட்டில் வைத்துத் தள்ளி மூடினான்.

"இனிமே ஏறும்யா."

தில்லைநாதன் மண்ணைத் தட்டிக் கொட்டினார். சாமானை எறிய மட்டும் மனம் வரவில்லை.

இப்போது தட்டு நீண்டு நின்றது, மருந்துக்கு ஏந்திய சின்ன உள்ளங்கை போல. பிறகு மூடியது. உள்ளே ஏதோ சுழன்றது.

கம்ப்யூட்டர் திரையில் பட்டியல் விரிந்தது. 'சிவரூபி தில்லைநாதன், வயது ஆறு.' அவருடைய ஒரே மகள். காலையில் "குளிருதப்பா" என்று சுருண்டு படுத்தவள்.

அந்தப் பெயர் எழுத்தெழுத்தாக அழிந்தது. அதே இடத்தில் இன்னொன்று. 'இலட்சுமி வீரையா, வயது ஆறு.'

ஜெனரேட்டர் நின்றது.

திரை அணையவில்லை.

தட்டு மறுபடி நீண்டது. ஈரமண். மண்ணின் மேல் சிவரூபியின் வெள்ளிக் காப்பு. தொட்டார். காய்ச்சல் சூடு.

தட்டு மெல்ல உள்ளே போகத் தொடங்கியது. இரண்டு கையாலும் பிடித்தார்.

உள்ளேயிருந்து இழுத்தது. ஆறு வயதுப் பிள்ளையின் பலம்தான்.

அவரால் நிறுத்த முடியவில்லை.