வரைபடத்தில் காலியிடம்

நகரமைப்பு அலுவலகத்து மாடிப்படியில் அவன் வந்து மோதினான். லினெட்டின் கையிலிருந்த கோப்பு விழவில்லை... ஆனால் அவன் சட்டையிலிருந்து சொட்டிய மழைநீர் அவளுடைய வெள்ளைப் புடவையில் கோடு போட்டது.

"மன்னிச்சிடுங்க மேடம்... படம் நனையக் கூடாதுன்னு ஓடியாந்தேன்."

சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்துக் காட்டினான். ஆள்தான் தெப்பலாக நனைந்திருந்தான், காகிதம் நனையவில்லை. திட்டப் போனவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விசாரணைக்கு அரைமணி இருந்தது. வராந்தாவில் இருந்ததோ ஒரே பெஞ்சு. பெயர் வெற்றிச்செல்வன், மீனவக் குப்பத்தில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன் என்றான். அவளது கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு, ஒரு சந்தேகம் கேட்கலாமா என்றான்.

"படகு நிக்குது, வலை காயுது... இதுல காலியிடம்னு போட்டிருக்கு. எது மேடம் காலி?"

உப்புக்காற்றில் சிவந்த கண்கள்... ஓரத்தில் மட்டும் ஒரு குறும்பு. வரைபடத்தைவிட அவற்றைத்தான் அவள் அதிக நேரம் பார்த்தாள். அப்புறம்தான் புல எண் கண்ணில் பட்டது. அவள் கோப்பிலும் அதே எண். அந்த நிலத்தை ஓட்டல் கட்டும் பகுதியாக மாற்றக் கேட்டிருந்த முதலாளிக்கு அவள்தான் வக்கீல்.

அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. கோப்பின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். இந்த மழை இன்னும் கொஞ்சம் பெய்யட்டுமே... முப்பத்திரண்டு வயதில் இப்படியும் ஓர் ஆசையா?

குப்பம் அந்த இடத்தைப் புழங்கியதற்கு ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். மீனவர் சங்கத்துப் பதிவேடு முழுக்கப் புயல் வெள்ளத்தோடு போய்விட்டது என்றான். "பேர்லதான் வெற்றி" என்று சிரித்தான்.

விசாரணை அறையில் அவள் எதிர்ப்பக்கம் போய் நின்றதும் அந்தச் சிரிப்பு அணைந்தது. பதிவேடு தேட ஒரு மாதம் அவகாசம் கேட்டான். இல்லாத பதிவேட்டைத் தேட அவகாசம் எதற்கு என்று லினெட் வாதாடினாள். அவன் தலைகுனிந்தான்... பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

இரண்டு வாரத்தில் உத்தரவு அவள் பக்கம் வந்தது.

அன்றே விசாரணைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். தான் யார் என்பதை மறைத்து அவனிடமிருந்து பதிவேடு போன விஷயத்தைத் தெரிந்துகொண்டதாகவும், மறுபடி விசாரிக்க வேண்டுமென்றும். அவளுடைய சீனியர் ஜோசப் ஆனந்த், ஒரு மீன்காரனுக்காகவா தொழிலைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டார். வேறு ஆபீஸ் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். குழுவிலிருந்து வந்தது மூன்றே வரி... எப்படித் தெரிந்திருந்தாலும் சான்று இல்லைதான், உத்தரவில் மாற்றமில்லை.

டிசம்பர் தூறலில் படகுகளை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள். லினெட் தனியாகப் போய் நின்றாள். பெண்கள் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வெற்றி வந்தான்.

"கடுதாசி நகல் எனக்கும் வந்துச்சு. எதுக்கு எழுதுனீங்க? போனது போனதுதான்."

"தெரியும்."

"எதிர்த்தரப்பு வக்கீல்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல..."

"சொன்னா எழுந்து போயிடுவீங்க... போயிடக் கூடாதுன்னு இருந்துச்சு. உங்கள அவ்ளோ புடிச்சிருந்துச்சு. அப்புறம் நீங்க சொன்னத வச்சே உங்கள தோக்கடிச்சேன். ரெண்டும் நான்தான்."

அவன் சாம்பல்நிறக் கடலின் பக்கம் திரும்பிக்கொண்டான். தன் அம்மா ராஜாம்பாள் தினமும் அவளைச் சபிப்பதாகவும், அதைக் கேட்க முடியாமல் எழுந்து வெளியே வந்துவிடுவதாகவும் சொன்னான்.

"கோவம் போவல லினெட். சீக்கிரம் போவும்னும் தோணல. ஆனா... உன்ன நெனக்காம ஒரு நாளும் போவல."

சொல்லிவிட்டு அவன் போய்விடவில்லை... தூறலில் அங்கேயே நின்றான்.