பிணத்துக்கு எதற்கு டிக்கெட்?

"ஆ...ஆ...ஆ!"

அந்த அலறலில் பரமஸ் ஊரின் அந்தத் தெருவே ஒரு விநாடி நின்றது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

கொலையா?

அவசரப்படாதீர்கள். இன்னும் இல்லை!

மாடி அறையில் டோரீன் ப்ரூயிட் ஒரு நீலப் பட்டு கவுனுக்குள் முக்கால்வாசி நுழைந்து மாட்டிக்கொண்டிருந்தாள். முதுகில் ஜிப். ஜிப்பின் பல்லுக்குள் அவளுடைய சதை. ஜிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவன் அவள் கணவன் ஹார்லன்.

"மெதுவா இழுய்யா! என்னைக் கொல்லப் பாக்கறியா?"

ஹார்லனின் கை சட்டென்று நின்றது. முகம் வெளுத்தது.

"ச்சே...! என்ன பேச்சு டோரீன் இது!"

"பின்ன? அட்லாண்டிக்கைத் தாண்டப் போறோம். முதல் தடவை! கப்பல்ல சாயங்காலமானா அத்தனை பொம்பளைங்களும் ராணி மாதிரி வருவாங்களாம். நான் மட்டும் முதுகுல ப்ளாஸ்திரி ஒட்டிட்டு வரட்டுமா?"

"உனக்கென்ன டார்லிங்... கோணிப்பையைச் சுத்திக்கிட்டாலும் ராணிதான்."

முப்பது வருஷத்தில் அவன் அப்படிச் சொன்னது இதுதான் முதல் முறை. டோரீன் கண்ணாடியில் அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

கட்டில் முழுக்கச் சாமான். காதுக்குப் பின்னால் ஒட்டும் வாந்தி மருந்து. இஞ்சி மிட்டாய். பெட்டிகளில் கட்டும் அட்டைகள். அப்புறம்... ஒரு பை நிறைய மஞ்சள் ரப்பர் வாத்துகள்!

"இது எதுக்கு?"

"கப்பல்ல அங்கங்க ஒளிச்சு வைக்கணும். மத்தவங்க தேடிக் கண்டுபிடிப்பாங்க. எல்லாரும் செய்யறாங்க ஹார்லன்!"

"அறுபது வயசாச்சு உனக்கு!"

"அதனாலதான். முப்பதுல செய்ய நேரம் இல்ல, உன்னைக் கட்டிக்கிட்டு அழுதிட்டிருந்தேன். இன்னொண்ணு தெரியுமா? கிழக்கே போறதால, அநேகமா ராத்திரிக்கு ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளிடுவாங்களாம்!"

"தள்ற வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ கவலைப்படாதே," என்றான் ஹார்லன்.

குரலில் தேன் சொட்டியது. அந்தத் தேனை நக்கிவிடாதீர்கள்!

ஹார்லன் ப்ரூயிட்டை உங்களுக்குத் தெரியாது. பொய்ப்பல் விற்று ஓய்வு பெற்றவன். ஒரே தேநீர்ப் பையை இரண்டு கோப்பைக்கு முக்குகிறவன். தள்ளுபடி கூப்பன் செல்லும் என்பதற்காக மனைவியைச் சாயங்காலம் நாலு மணிக்கே இரவுச் சாப்பாட்டுக்கு இழுத்துப் போகிறவன். அப்பேர்ப்பட்ட மகராசன் திடீரென்று 'செலஸ்டின்' என்ற சொகுசுக் கப்பலில், அதுவும் பால்கனி வைத்த அறையில், மனைவியை இங்கிலாந்துக்குக் கூட்டிப் போகிறேன் என்றால்...?

தெருவே வாயைப் பிளந்தது. வயதான காலத்தில் வந்த காதல் என்று டோரீன் உருகிப் போனாள்.

காதலா? மண்ணாங்கட்டி!

அன்று மதியம் ஹார்லன் கராஜுக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியையும் ஏற்றிவிட்டுப் போன் செய்தான்.

"மார்சி... நான்தான்."

மார்சி டன்லப். ஊரில் பயண ஏஜென்சி நடத்துகிறவள். ஹார்லனின் திருட்டுக் காதலையும் கொஞ்ச காலமாக அவள்தான் நடத்துகிறாள்.

"என்ன பண்றா உன் பொண்டாட்டி?"

"வாத்து எண்ணிட்டிருக்கா."

"பாவமா இல்ல?"

"மூணு கார் வாஷ் மார்சி! அவ அப்பன் அவ பேர்ல எழுதி வச்ச, கார் கழுவற மூணு கடை. விவாகரத்துன்னா எனக்கு ஒரு சோப்பு நுரைகூட வராது. கல்யாணத்துக்கு முந்தியே அந்தக் கிழவன் வக்கீலை வச்சு எழுதி வாங்கிட்டான். ஆனா செத்துட்டா...!"

"திட்டம் ஞாபகம் இருக்கா?"

"நடுக்கடல். பனிமூட்டம். 'அதோ பாரு திமிங்கலம்'னு பால்கனிக்குக் கூப்பிடுவேன். எட்டிப் பாப்பா. அவ்வளவுதான். அப்புறம் நான் அழணும். அதுக்குத்தான் வெங்காயம் எடுத்து வச்சிருக்கேன்."

"கப்பல் போறதுக்கு மட்டும்தான். லண்டன்லேருந்து திரும்பி வர ஃப்ளைட்டை நானே போடறேன்னியே, போட்டியா?"

"போட்டாச்சு. இன்டர்நெட்ல சல்லிசா கிடைச்சுது. ரெண்டு சீட்."

எதிர்முனையில் பேனா கீழே விழும் சத்தம்.

"ரெண்டா...? மூணு பேர் போறோம்டா!"

"மூணு பேர் போறோம். ரெண்டு பேர்தானே திரும்பறோம்? பிணத்துக்கு எதுக்கு மார்சி டிக்கெட்? கடலுக்கடியில கிடக்கறவளுக்கு ஜன்னல் சீட் வாங்கச் சொல்றியா?"

"லூஸாடா நீ! போலீஸ் கேட்டா என்ன சொல்லுவே?"

"யாரு கேக்கப் போறா?"

"எந்தக் கார்டுல வாங்கினே?"

"டோரீனோடது."

"என்னது...!"

"கத்தாதே! அவ கார்டுலதான் டபுள் மைல்ஸ் தராங்க, சேத்து வச்சா ஓசியில பறக்கலாம். சும்மா வர்ற மைல்ஸை விட நான் என்ன கேனையா? பில் வரும்போது அவ ஏதாவது மீன் வயித்துக்குள்ள இருப்பா."

மார்சி பெருமூச்சு விட்டாள்.

"உன்னை நம்பி நான் வரேன் பாரு. அதுவும் எனக்கு ஜன்னல்கூட இல்லாத உள்ரூம்! அவளுக்குப் பால்கனி!"

"அவளுக்கு அது பாதி வழி வரைக்கும்தான் செல்லம். ஒரு வாரம் ஜன்னல் இல்லேன்னா செத்தா போயிடுவே?"

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

*

மறுநாள் காலை.

கறுப்புக் கோட்டை இடுப்பில் கொஞ்சம் பிரித்துத் தைக்க வேண்டும் என்று ஹார்லன் தையற்கடைக்குப் போயிருந்தான்.

டோரீனுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. விமானச் சாப்பாட்டில் உப்பை அள்ளிக் கொட்டுவார்கள் என்று அவளோடு பயணம் வரப் போகிற இணையத் தோழிகள் எச்சரித்திருந்தார்கள். உப்பில்லாத சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம் என்று விமான நிறுவனத்துக்குப் போன் செய்தாள்.

"எந்தக் கார்டுல டிக்கெட் வாங்கினீங்க மேடம்?" எதிர்முனையில் ஒரு இளம்பெண்.

"என் கார்டாத்தான் இருக்கும். மைல்ஸ் கிடைக்கும்னா என் புருஷன் மூச்சைக்கூட என் கார்டுலதான் விடுவார்."

அந்தப் பெண் சிரித்தாள். கார்டு எண்ணை வாங்கிக்கொண்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"மேடம்... உங்க பேர் டோரீன்தானே?"

"பிறந்ததுலேருந்து."

"இந்த புக்கிங்ல ரெண்டே பேர்தான். ஹார்லன் ப்ரூயிட். அப்புறம்... மார்சி டன்லப்."

"நல்லாப் பாரும்மா. என் பேரும் இருக்கும்."

"இல்ல மேடம். நீங்க இல்ல."

டோரீன் சமையலறை நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

மார்சி! கப்பல் டிக்கெட் போட்டுத் தந்தவள். 'பால்கனியிலேருந்து கடலைப் பாருங்க டோரீன், மறக்கவே மாட்டீங்க' என்று கையைப் பிடித்துச் சொன்னவள்.

வலித்தது. முப்பது வருஷம்! கூப்பன் சாப்பாட்டைச் சகித்தாள். ஒரே தேநீர்ப் பையைச் சகித்தாள். நேற்று ராணி என்று சொன்னதும் பைத்தியக்காரி மாதிரி சந்தோஷப்பட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது.

போகும்போது தான் இருக்கிறோம். திரும்பும்போது தான் இல்லை. நடுவில் இருப்பது...?

கடல்!

பால்கனி!

டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மேடம்...? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா," என்றாள் டோரீன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கறதா உத்தேசம். எனக்கொரு சின்ன உதவி செய்வியா கண்ணு...?"

*

டிங்!

மார்சியின் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி. படித்தாள். மறுபடியும் படித்தாள். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

லண்டனிலிருந்து திரும்பும் அவளுடைய விமான இருக்கை... ரத்து! இனி அந்த புக்கிங்கில் பயணம் செய்பவர் ஒருவர் மட்டுமே. ஹார்லன் ப்ரூயிட்.

ஒருவர் மட்டுமே!

ஹார்லனை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி... மறுபடி...

ஹார்லன் எப்படி எடுப்பான்? அவன் கைபேசி டோரீனின் கைப்பைக்குள் பூட்டிக் கிடந்தது! கப்பல் நடனத்துக்குப் பழக வேண்டும் என்று அவனை ஒரு நடன வகுப்புக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள் மகராசி.

"காலைப் பாத்து வைய்யா! மிதிக்காதே!"

"என் போன் அடிக்கற மாதிரி இருக்கே டோரீன்..."

"அது உன் முட்டி. ஆடு!"

இங்கே மார்சிக்கு வியர்த்துக் கொட்டியது.

'பிணத்துக்கு எதுக்கு டிக்கெட்?' என்றானே பாவி! டோரீனுக்கு டிக்கெட் வாங்கவே இல்லை. இப்போது என் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டான். அப்படியென்றால்...?

அடப்பாவி! ஒரே பயணத்தில் ரெண்டு பேரா!

ஜன்னல் இல்லாத அறை. யாருக்கும் தெரியாமல் பயணம் செய்கிற பெண். அவளுக்கும் அவனுக்கும் சம்பந்தம் இருப்பதே யாருக்கும் தெரியாது. காணாமல் போனால் கேட்க நாதி கிடையாது! திட்டம் முழுவதும் அவளே உட்கார்ந்து போட்டது வேறு.

கார் வாஷைப் பங்கு போட அந்தக் கஞ்சனுக்கு மனசு வருமா? இரண்டாவது தேநீர்ப் பையையே பிரிக்காதவன்!

மார்சி கைப்பையை எடுத்தாள். அதில் ஹார்லன் அனுப்பிய அத்தனை குறுஞ்செய்தியும் பத்திரமாக இருந்த கைபேசியைப் போட்டாள். காரை நேராகப் போலீஸ் நிலையத்துக்கு விட்டாள். வழியில் ஒரு சிவப்பு விளக்கில்கூட நிற்கவில்லை.

*

மறுநாள். புரூக்லின் துறைமுகம். மலை மாதிரி நின்றது செலஸ்டின்.

பெட்டி தூக்க வந்த ஆளிடம் ஹார்லன், "நானே தூக்கிக்கறேன், நானே தூக்கிக்கறேன்," என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். டோரீன் புதுத் தொப்பியில் ஜொலித்தாள்.

"ஹார்லன் ப்ரூயிட்?"

திரும்பினான். சாம்பல் நிறக் கோட்டில் ஒரு தாட்டியான ஆள். பின்னால் இரண்டு சீருடைகள்.

"டிடெக்டிவ் ஃபோலி. பெட்டியைக் கீழ வைங்க. கையைப் பின்னால கொண்டு போங்க."

"எ... என்ன இது? எதுக்கு?"

"உங்க மனைவியைக் கொலை செய்யச் சதி. மார்சி டன்லப் எல்லாத்தையும் கொட்டிட்டாங்க. திமிங்கலம், வெங்காயம் எல்லாம்!"

"மார்சியா...? அவ ஏன்...?"

"ஏன்னா கேக்கறே? அவங்க டிக்கெட்டை நீ கான்சல் பண்ணினே. அடுத்தது தான்தான்னு பயந்து ஓடி வந்துட்டாங்க. அழுத அழுகையில என் மேசையே நனைஞ்சு போச்சுய்யா."

"நான் கான்சல் பண்ணலை! சத்தியமா நான்...!"

ஹார்லன் பாதியில் நின்றான். மெல்ல... மிக மெல்ல... மனைவி பக்கம் திரும்பினான்.

டோரீன் தொப்பியைச் சரி செய்துகொண்டாள்.

"என் கார்டுல வாங்கினது. என் இஷ்டம், கான்சல் பண்ணினேன்."

"டோ... டோரீன்...!"

"ஒரு வார்த்தை 'எனக்குப் பிடிக்கலை, போறேன்'னு சொல்லியிருந்தா, பெட்டி கட்டி நானே வாசல்ல வச்சிருப்பேனேடா! கடல்ல தள்ற அளவுக்கு என்ன பண்ணினேன் நான் உனக்கு?"

அவளுடைய குரல் ஒரு கணம் உடைந்தது. ஹார்லன் தலையைக் குனிந்துகொண்டான். விலங்கு 'க்ளிக்' என்றது.

அவனை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார் ஃபோலி.

"மேடம்... விஷயம் தெரிஞ்சதும் நீங்க நேரா எங்ககிட்ட வந்திருக்கலாமே?"

"வந்து என்ன சொல்றது சார்? 'என் புருஷன் எனக்கு ஃப்ளைட் டிக்கெட் வாங்கலை, அரெஸ்ட் பண்ணுங்க'ன்னா? சிரிச்சு அனுப்பியிருப்பீங்க. அதான் சாட்சியையே ஓட ஓட உங்ககிட்ட அனுப்பி வச்சேன்."

ஃபோலி தலையைச் சொறிந்தார். உண்மையில் அவர் சிரித்துத்தான் அனுப்பியிருப்பார்.

கப்பல் உறுமியது. டோரீன் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்குத் திரும்பலையா மேடம்?"

"எதுக்கு? கவுனை இடுப்புல பிரிச்சுத் தச்சாச்சு. பால்கனி ரூம் இருக்கு. தள்றதுக்கு ஆள் இல்ல. இதைவிட நல்ல பயணம் எனக்கு எப்ப வரும்?"

"அது சரி... லண்டன்லேருந்து திரும்பி வர உங்களுக்கு டிக்கெட்டே கிடையாதே!"

டோரீன் ஏணிப்படியில் ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"மார்சி சீட் காலியாச்சுல்ல? அதை அப்பவே என் பேர்ல வாங்கிட்டேன் சார்!"

"பக்கத்து சீட் உங்க புருஷனோடதாச்சே! அதையும் கான்சல் பண்ணிட்டீங்களா?"

"அதை எதுக்கு சார் பண்ணணும்?" என்றாள் டோரீன். "வர முடியாத இடத்துக்கு அவரை அனுப்பியாச்சு... ரெண்டு சீட்லயும் காலை நீட்டிப் படுத்துட்டு வரப் போறேன்!"