பதினாலாம் கட்டிலில் ஒரு வயிறு

அண்ணன் செத்துப்போய்விட்டான்.

ஆனால் அவனுடைய சட்டைப் பையில் செல்போன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது...

தம்பிக்காரன் கத்தியை அண்ணனின் சட்டையிலேயே துடைத்துவிட்டு, குனிந்து பார்த்தான்.

அண்ணி!

பேசி வைத்தபடியே கூப்பிடுகிறாள். ஆஸ்பத்திரி வார்டில் டியூட்டியில் இருக்கும் நர்ஸ், வீட்டுக்காரர் காலை டிபன் சாப்பிட்டாரா என்று அக்கறையாக விசாரிக்கிறாளாம். நாளைக்குப் போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டுமே!

வளர்த்து ஆளாக்கிய அண்ணன். சொந்தமாய் டாக்ஸி வாங்கிக் கொடுத்த அண்ணன். போன வாரம் தம்பியையும் தன் மனைவியையும் பார்க்கக் கூடாத கோலத்தில் பார்த்துத் தொலைத்த அண்ணன். பாவம், அது ஒன்றுதான் அவன் செய்த தப்பு.

"ஸாரிண்ணே..."

தம்பிக்காரன் கதவைச் சாத்திவிட்டு நடந்தான். பயமில்லை. ஏனென்றால் அவன் இங்கே இல்லை! பெரிய ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில், பதினாலாம் நம்பர் கட்டிலில் வயிற்று வலியோடு படுத்திருக்கிறான்.

அண்ணி சொல்லிக் கொடுத்த வலி. எங்கே அமுக்கினால் அலற வேண்டும், எப்போது முனக வேண்டும் என்பதெல்லாம் அவள் போட்ட பாடம். நேற்றே அட்மிட் ஆகிவிட்டான்.

கட்டிலில் இப்போது படுத்திருப்பது யார்?

தரைக்காரர்!

அந்த வார்டில் கட்டிலுக்கு இருமடங்கு ஜனம். மிச்சப் பேர் தரையில். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது தரையில் கிடப்பவர்களைப் பாயோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவது அங்கே வழக்கம். அவர் கண்ணில் கூட்டம் படக்கூடாது! பதினாலாம் கட்டிலுக்கு அடியில் ஒரு மனுஷன் நாள்கணக்காக நிஜமான வயிற்று வலியோடு கிடந்தார். ஒருத்தரும் சீந்தவில்லை.

"பெரியவரே, கொஞ்ச நேரம் என் கட்டில்ல படுங்க. போர்த்திக்கிட்டுத் தூங்குங்க. யாரு என்ன கேட்டாலும் 'உம்'னு மட்டும் சொல்லுங்க" என்று சொன்னதும், தரைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ நல்லா இருக்கணும்ப்பா!"

தம்பிக்காரன் டிராஃபிக்கில் மாட்டி, பின்பக்கப் படிக்கட்டு வழியாக வார்டுக்குள் நுழைந்தபோது அண்ணி பேயறைந்த மாதிரி நின்றாள். அவனைத் தரதரவென்று கட்டுப் போடும் அறைக்குள் இழுத்துப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

"எங்கே போய்த் தொலைஞ்சே? இங்கே எல்லாமே தலைகீழாப் போச்சு!"

"ஏன் அண்ணி?"

"இன்னும் என்ன அண்ணி! நான் மருந்து ஸ்டோருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பெரிய டாக்டர் வந்துட்டார். தரைக்காரன் வயித்துல கை வெச்சாராம். உடனே தியேட்டர்! உன் பேர்ல அந்தாளுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் முடிஞ்சாச்சு!"

"அய்யய்யோ!"

"மெடிக்கல் காலேஜ் மொத்தமும் தியேட்டர் வாசல்ல நின்னுது. ஒரு அப்பெண்டிக்ஸுக்கு இவ்வளவு கூட்டமான்னு நானே நினைச்சேன்."

"இப்போ அந்தாளு எங்கே?"

"இடுப்பைச் சுத்திக் கட்டோட கொண்டு வந்தாங்க. மயக்கம் தெளியல. பழையபடி கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன்."

இப்போதுதான் வெட்டுப்பட்ட மனிதர். வெறும் பாய். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழவில்லை.

தம்பிக்காரன் திடீரென்று சிரித்தான். "அட, நல்லதாப் போச்சு! கொலை நடந்த நேரத்துல நான் ஆபரேஷன் டேபிள்ல இருந்தேன். பெரிய டாக்டரே சாட்சி!"

"ரொம்பச் சிரிக்காதே. ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்துச்சு. எதிர்வீட்டுக்காரம்மா உன்னைப் பார்த்துட்டாளாம். இன்ஸ்பெக்டர் கிளம்பி வந்துக்கிட்டிருக்கார். தையலைக் காட்டுன்னு சொன்னா எதைக் காட்டுவே?"

சிரிப்பு நின்றது.

அவள் ட்ரேயை இழுத்தாள். பிளேடு. ஊசி. நூல்.

"வ... வேணாம்!"

"தூக்கு வேணுமா, தையல் வேணுமா?"

"மரத்துப் போற ஊசியாவது போடு!"

"அது பீரோவுல இருக்கு. சாவி ஹெட் நர்ஸ் கிட்ட. துணியக் கடிச்சுக்கோ."

"பெரிய டாக்டர் என் மூஞ்சியப் பார்த்தா கண்டுபிடிச்சிடுவாரே..."

"அவரு இத்தனை வருஷத்துல ஒரு நோயாளி மூஞ்சியையும் பார்த்ததில்ல. வயித்தை மட்டும்தான் பார்ப்பார்!"

வலது அடிவயிற்றில் பிளேடு இறங்கியது. அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தம்பிக்காரனுக்கு இப்போதுதான் புரிந்தது! துணிக்குள் ஊளையிட்டான். அவள் நிதானமாக, அழகாக, சட்டை தைப்பது போலத் தைத்தாள்.

அவனைக் கட்டிலில் கிடத்திப் போர்த்தவும், பூட்ஸ் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

"உங்க அண்ணனைக் குத்திக் கொன்னுட்டாங்க" என்றார் இன்ஸ்பெக்டர், அவன் முகத்தையே பார்த்தபடி.

"அண்ணே...!" கண்ணீர் நிஜமாகவே கொட்டியது. வயிறு அப்படி வலித்தது!

அண்ணி சுவரில் சாய்ந்து அழுதாள். "தம்பியை விட்டுடுங்க சார். காலையிலதான் அவருக்கு ஆபரேஷன் ஆச்சு!"

"அதையும் கேட்டுடலாம்மா. டாக்டர், நீங்க காலையில ஆபரேஷன் பண்ணது இவருக்குத்தானா?"

பின்னால் மாணவர் பட்டாளத்தோடு பெரிய டாக்டர் வந்து நின்றிருந்தார்.

"மூஞ்சியெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காது, இன்ஸ்பெக்டர். வயித்தைக் காட்டச் சொல்லுங்க."

அண்ணியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்து மறைந்தது. தம்பிக்காரன் தைரியமாகப் போர்வையை விலக்கினான்.

பெரிய டாக்டர் கட்டை அவிழ்த்தார். தையலை உற்றுப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"தையல் ரொம்ப அருமை" என்றவர், முன்னால் நின்ற மாணவியைப் பார்த்தார். "ஏம்மா, காலையில இந்தக் கேஸைக் கண்டுபிடிச்சதே நீதானே. இங்கே என்ன தப்பு?"

"சார்... நாம கிழிச்சது இடது பக்கம் சார்!"

பெரிய டாக்டர் நிமிர்ந்தார்.

"இன்ஸ்பெக்டர், நான் ஆபரேஷன் பண்ண ஆளுக்கு உள்ளே எல்லாமே பக்கம் மாறி இருந்துச்சு. இதயம் வலது பக்கம். அப்பெண்டிக்ஸ் இடது பக்கம். பொறவியிலேயே அப்படி! இந்தப் பொண்ணு நெஞ்சுல ஸ்டெதாஸ்கோப்பை வெச்சுக் கண்டுபிடிச்சா. என் சர்வீஸ்ல முதல் கேஸ். அதான் காலேஜ் மொத்தத்தையும் கூப்பிட்டுக் காட்டினேன்."

ஸ்டெதாஸ்கோப்பைத் தம்பிக்காரனின் இடது மார்பில் வைத்தார்.

"இது இடது பக்கம்தான் இருக்கு. குதிரை மாதிரி ஓடுது!"

அப்போதுதான் கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் ஈனக்குரல் வந்தது.

"ஐயா... கொஞ்சம் தண்ணி... என்னை மறுபடியும் தரையில போட்டுட்டாங்கய்யா..."

மாணவர்கள் தடதடவென்று மண்டியிட்டார்கள். பாயோடு இழுத்தார்கள். கட்டைத் தளர்த்தினார்கள்.

"சார், இடது பக்கம்! நம்ம வயிறு சார்!"

"ஆபரேஷன் ஆனவனைத் தரையில போட்டது யாரு?" பெரிய டாக்டர் உறுமினார். "தூக்குங்கப்பா கட்டிலுக்கு! இன்ஸ்பெக்டர், அந்தத் தையல் இந்த வார்டுக்காரங்க கைத்தையல்தான். யாருன்னு நீங்களே..."

சொல்லி முடிப்பதற்குள் அண்ணி முன்னால் ஓடி வந்தாள்.

"நான் வேணாம்னுதான் சார் சொன்னேன்! எல்லாம் இவன்தான்!" என்று அலறினாள்.

"அடிப்பாவி! வயித்தைக் கிழிச்சது நீதானேடி!"

மாணவர்கள் தம்பிக்காரனை இறக்கிவிட்டுத் தரைக்காரரைப் பதினாலாம் கட்டிலில் பூப்போலக் கிடத்தினார்கள். இருமுறை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தரைக்காரர் தலையணையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

தம்பிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். "சார்... உயிர் போகுது சார்... எனக்கு ஒரு கட்டில்..."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"உனக்கு எங்ககிட்ட தனி ரூமே ரெடியா இருக்கு. என்ன ஒண்ணு... அங்கேயும் தரைதான்!"