வீட்டுக்கு ஓர் ஆள்

குளியலறை ஓட்டை வழியாக ஏறி வந்த தண்ணீரில் சாக்கடை நாற்றம் இல்லை. துரைராஜ் அதைத்தான் முதலில் கவனித்தான். மழை பிடித்துக்கொண்டால் மாம்பலத்துத் தரைத்தள வீடுகளில் சாக்கடை எதிர்த்து வருவது வருஷா வருஷம் நடக்கிற கூத்து; அந்த நாற்றம் அவனுக்கு மனப்பாடம். இதுவோ நாற்று பிடுங்கிய வயலின் சேறும் கோரைப்புல்லும் கலந்து, அவன் சொந்த ஊரான செம்மடையில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்திருந்த வாசனை. குனிந்து அள்ளினான். செம்மண் தண்ணீர். உள்ளங்கையில் ஒரு நெல்மணி ஒட்டிக்கொண்டு வந்தது.

மதியச் சோறு உண்ட கை காய்வதற்குள் வீடு இருட்டிவிட்டது. கரண்ட் இல்லை. ஆறு வயது மகள் நிலா, செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் உட்கார்ந்து, பெசன்ட் நகர் கடற்கரையில் வாங்கிய ரோஸ் கலர் பிளாஸ்டிக் மண்வெட்டியால் தலையணையைத் தோண்டிக்கொண்டிருந்தாள். அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிற மனைவி புஷ்பம் போனில் கத்தினாள்.

"இன்னாயா, தண்ணி ஏறிக்கினு கீதா? இங்க ஒரு பஸ்ஸும் ஓடல. நான் வர்ற வரிக்கும் கொயந்தய உட்டு அப்டி இப்டி நவுராத, சொல்லிட்டேன்!"

"நான் இருக்கேன்ல" என்றான்.

அந்தப் பேச்சு முடிந்த அமைதியில்தான் அது கேட்டது. மழைக்கு அப்பால், தெருக்கோடியில், தமுக்குச் சத்தம். பிறகு ஓர் இழுத்த குரல்.

"வீட்டுக்கு ஒரு ஆள்... வீட்டுக்கு ஒரு ஆள்..."

செம்மடையில் கேட்ட அதே கூப்பாடு.

செம்மடை, வயலை நம்பிய சின்ன ஊர். மேற்கே பொத்தை என்கிற மொட்டைப் பாறைக்குன்று. அதன் காலடியில் பெரிய குளம். கரைக்குக் கிழக்கே வயல். வயலுக்கும் கீழே பள்ளத்தில் வீடுகள். குளம் உடைந்தால் ஊர் இல்லை. அதனால் குளம் பெருகும்போது தமுக்கு அடிப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு, ஊர்ப் பேச்சில் மம்மட்டியோடு, கரைக்குப் போயாக வேண்டும். மடைக்கல் சிவப்பு என்பதால் ஊருக்குச் செம்மடை என்று பெயர் வந்ததாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். வீட்டில் வேறு சொன்னார்கள். கரை சில வருஷம் மண் கேட்கும், சில வருஷம் ஆள் கேட்கும்.

துரைராஜின் அண்ணன் அப்படிப் போனவன். கரை நின்றது, அண்ணன் திரும்பவில்லை. அவன் மம்மட்டி மட்டும் கழுவித் துடைத்து வாசலில் சாத்தியிருந்தது. அதற்கப்புறம் துரைராஜுக்கு ஊர் ஆகவில்லை. சென்னைக்கு ஓடிவந்து ஷேர் ஆட்டோ ஓட்டினான். குடிவந்ததோ ஏரியைத் தூர்த்து எழுப்பிய தி.நகர் பக்கம். லேக் வியூ ரோட்டில் தினமும் ஆட்டோவைத் திருப்புகிறவன், அந்த ஏரி எங்கே போயிற்று என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், கார்ப்பரேஷன் ஆட்களாக இருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஜன்னல் இடுக்கில் பார்த்தான். முழங்கால் தண்ணீரில் ஆட்கள் வரிசையாக வந்தார்கள். தலையில் மண்கூடை. முகமெல்லாம் சேறு. அவர்கள் நடந்தும் தண்ணீர் அலம்பவில்லை. கடைசி ஆள் இடது காலைச் சற்று இழுத்து நடந்தான். அது அண்ணனின் நடை.

"துரை!" மாடி வீட்டு சுப்பராமன் மாமாவின் குரல். "கொழந்தையைத் தூக்கிண்டு மேல வந்துடுடா! அங்க என்ன பண்ணிண்டிருக்கே?"

மாடிப்படி வாசலுக்கு வெளியே இருந்தது.

"மாமா, வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்களா பாருங்க!"

"ஆளா? தண்ணிதான்டா நிக்கறது!"

தமுக்கு அடுத்த வீட்டுக்கு வந்துவிட்டது. அப்போது அவனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வாசலில் மம்மட்டி நின்றால் அந்த வீட்டில் கூப்பிட மாட்டார்கள், பேசாமல் கடந்துவிடுவார்கள். சின்ன வயதில் கண்ணால் பார்த்தது. மாம்பலத்தில் மம்மட்டிக்கு எங்கே போவது? நிலாவின் கையைப் பார்த்தான்.

"குடும்மா அத."

"அப்பா, அது என்னுது!"

"உன்னுதுதான்டா கண்ணு. அப்பா தந்துடுறேன்."

கதவைக் கையகலம் திறந்து, கிரில் கம்பியில் அதைச் செருகி, தாழ் போட்டான். காலடிகள் வாசலில் நின்றன.

கூப்பிடவில்லை. போய்விட்டார்கள்.

நிலாவைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதான். அவ்வளவு பயந்திருந்தான். போன் அடித்தது, செம்மடையிலிருந்து அம்மா இசக்கியம்மாள். விட்டு விட்டுக் கேட்டதால், சிக்னல் கிடைக்கிற அடுக்களை ஜன்னலுக்கு எட்டிப் போனான்.

"ஏல தொர, இங்க குளம் பெருகிட்டு. மனசு கெடந்து அடிச்சிக்கிடுது, அதான் கூப்புட்டேன்."

"இங்கயும் வந்தாங்கம்மா. அண்ணனும் வந்தான். வாசல்ல மம்மட்டி வச்சேன், கூப்பிடாம போயிட்டாங்க."



"கூப்புட மாட்டாவ. எதுக்குக் கூப்புடணும்? ஆள் தயார்னுல்லா அதுக்கு அர்த்தம்! யாரு மம்மட்டியோ அவுகதான் ஆளு." அம்மாவின் குரல் உடைந்தது. "யாரு மம்மட்டில அது?"

துரைராஜ் கட்டில் இருந்த பக்கம் திரும்பினான்.

"ஏல, யாரு மம்மட்டி?"

ஓடினான். கட்டில் காலி. தோண்டிய தலையணை. போட்ட தாழ் போட்டபடி. திறந்தான். கிரில்லில் மண்வெட்டி இல்லை. தெருவில் ஆள் இல்லை. தண்ணீரும் இல்லை.

"அப்பாடா, வடிஞ்சுடுத்துடா துரை!" மேலேயிருந்து மாமா.

குளியலறை. தண்ணீர் வந்த ஓட்டை அடைபட்டிருந்தது. ஈரச் செம்மண், மிதித்து மிதித்து இறுக்கியது. மேலே பெரிய பெரிய பாதங்கள். நடுவில் ஒரு சின்னப் பாதம்.

மண்ணுக்கடியில் சத்தம். சின்ன உள்ளங்கை தட்டுகிற சத்தம்.

தோண்டினான். நகத்தால். நகம் பிய்ந்தது. மண் கல்லாக இருந்தது. நிலா. நிலா. எவ்வளவு நேரமோ. தட்டல் நிற்கவில்லை.

வாசலில் கிரில் திறந்தது. செருப்பைக் கழற்றுகிற சத்தம். எப்படியோ வந்து சேர்ந்திருந்த புஷ்பத்தின் களைத்த குரல்.

"நிலாக்கண்ணு! மண்வெட்டியக் கய்வித் தொடச்சி வாசல்ல சாத்தி வச்சிகிறியே, சமத்து! எங்கடி கீற?"

மண்ணுக்கடியில், அம்மாவின் குரல் கேட்டு, தட்டுவது ஒரு கணம் நின்றது.